755 கொடுத்தும் ‘பெர்மிஷன் டினைட்’: புதிய சர்வரில் சிஜிஐ ஸ்கிரிப்ட் ஓட மறுக்கிறது

இரவல்_பேரேடு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சிறிய நூலகத்தின் இரவல் பதிவேட்டைக் கணினியில் நடத்தும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. உறுப்பினர் எண்ணை உலாவியில் கொடுத்தால் அவர் பெயரில் நிற்கும் நூல்களைக் காட்டி, திரும்பி வந்தவற்றைக் குறித்துக்கொண்டு, ரசீதைப் பிடிஎஃப் கோப்பாக ஆக்கித் தரும் ஒரே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்தான் எங்கள் முழு அமைப்பும். அது அப்பாச்சி என்ற வலைச் சர்வர் நிரலின் கீழ், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஸ்கிரிப்டைத் தனி நிரலாக இயக்கும் சிஜிஐ முறையில் ஓடுகிறது. பழைய முறை என்பது தெரியும். ஆனால் நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது பேர் வந்து போகும் இடத்தில் அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

இதுவரை உபுண்டு லினக்ஸ் 20.04 இருந்த சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான இயல்பான ஆதரவு 2025இல் முடிந்துவிட்டதால், புதிய சர்வரில் 24.04ஐ முதலிலிருந்து நிறுவி, என் பயனர் கணக்கை அதே பெயரில் உருவாக்கி, ஸ்கிரிப்டை மட்டும் பழைய இடத்திலிருந்து நகலெடுத்தேன். அது இருக்கும் இடம் /யூஎஸ்ஆர்/லிப்/சிஜிஐ-பின் அடைவு. பக்கத்தைத் திறந்தால் 500 என்ற பிழை எண் வருகிறது. அப்பாச்சியின் பிழை லாக்கில் ஒவ்வொரு முறையும் இரண்டு வரிகள் விழுகின்றன. முதல் வரி, 13 என்ற எண்ணும் ‘பெர்மிஷன் டினைட்’ என்ற சொற்களும் கொண்டு, என் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைச் சுட்டி, அதை இயக்க முடியவில்லை என்கிறது. இரண்டாவது வரி, தலைப்பு வரிகள் எதுவும் வருவதற்கு முன்பே ஸ்கிரிப்டின் வெளியீடு முடிந்துவிட்டது என்கிறது.

நான் செய்து பார்த்தவை இவை. கோப்புக்கு 755 (உரிமையாளருக்கு எல்லா அனுமதியும், மற்றவர்களுக்குப் படிக்கவும் இயக்கவும்) கொடுத்தேன். பயனில்லை. பிறகு, தவறு என்று தெரிந்தே, எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 கொடுத்தேன். அப்போதும் அதே வரிகள். கோப்பின் உரிமையாளராக அப்பாச்சியின் பயனரையே, அதாவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவையே, ஆக்கிப் பார்த்தேன். அப்பாச்சியை மறுதொடக்கம் செய்தேன். சர்வரையே மறுதொடக்கம் செய்தேன். ஆனால் முனையத்தில் என் பயனராக அதே ஸ்கிரிப்டை இயக்கினால் எந்தக் குறையும் இல்லாமல் எச்டிஎம்எல்லை அச்சிட்டுத் தருகிறது. உரிமையாளரே அப்பாச்சியாக இருந்தும் அப்பாச்சிக்கே அனுமதி இல்லை என்று சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது?

---

படிக்கட்டு எழுதியது:

வணக்கம். லாக் வரியை முதலிலேயே எழுதியது நல்லது; பெரும்பாலானோர் 500 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முதலில் 777ஐத் திரும்ப எடுத்துவிடுங்கள். அது பாதுகாப்புக்குக் கேடு என்பது ஒருபுறம் இருக்க, சில இடங்களில் அதுவே புதிய பிழைக்குக் காரணமாகிவிடும். பகிர்வுச் சர்வர்களில் சூஎக்ஸெக் என்ற இடைநிலை நிரல் வழியாகத்தான் சிஜிஐ ஸ்கிரிப்டுகள் ஓடுகின்றன. கோப்பிலோ அது இருக்கும் அடைவிலோ உரிமையாளரைத் தவிர வேறு யாரும் எழுத முடியும் என்றிருந்தால் அது ஸ்கிரிப்டை இயக்கவே மறுத்துவிடும். அங்கே 777 கொடுத்தவர்கள் ‘எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டேனே’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் சிக்கல். ஒரு கோப்பை அடைய வேண்டுமானால், மூல அடைவிலிருந்து அந்தக் கோப்பு வரை வழியில் உள்ள ஒவ்வோர் அடைவிலும் அந்தப் பயனருக்கு ‘எக்ஸ்’ அனுமதி இருக்க வேண்டும். கோப்பில் ‘எக்ஸ்’ என்றால் இயக்கலாம் என்று பொருள்; அடைவில் அதே எழுத்துக்கு உள்ளே நுழைந்து கடக்கலாம் என்று பொருள். வீட்டின் உள்ளறையைத் திறந்து வைத்துவிட்டுத் தெருக்கதவைப் பூட்டினால் யாரும் உள்ளே வர முடியாது அல்லவா? கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை கடைசி அறையின் கதவை மட்டுமே காட்டும். வழி முழுவதையும் பார்க்க ‘நேம்ஐ’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதற்கு ‘-எல்’ சுவிட்சையும் ஸ்கிரிப்டின் முழுப் பாதையையும் கொடுத்தால், ஒவ்வொரு படிக்கும் ஒரு வரியாக அனுமதி, உரிமையாளர், குழு ஆகிய மூன்றையும் அடுக்கிக் காட்டிவிடும். அதன் வெளியீட்டை இங்கே எழுதுங்கள்.

ஆனாலும் ஓர் ஐயம் எனக்கு இருக்கிறது. வழியில் உள்ள அடைவு தடுத்திருந்தால் அப்பாச்சி வழக்கமாக 403 என்ற ‘அணுக அனுமதி இல்லை’ பிழையைத் தரும். லாக்கிலும் ஏஎச்00035 என்ற எண்ணுடன், பாதையின் ஏதோ ஒரு பகுதியில் தேடும் அனுமதி இல்லை என்று தெளிவாகவே எழுதும். உங்களுக்கு வருவது 500. அப்படியானால் அப்பாச்சி கோப்பு வரை வந்துவிட்டது. இயக்கச் சொல்லி முயன்ற இடத்தில்தான் விழுந்திருக்கிறது. இருந்தாலும் பார்த்துவிடுவோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிஎச்பி மொழியில் இருந்து வருபவர்கள் இங்கே குழம்புவதுண்டு. பிஎச்பி கோப்பை அதன் மொழிபெயர்ப்பி, அதாவது அந்த மொழியைப் படித்து ஓட்டும் நிரல், படித்தால் போதும். கோப்புக்கு ‘எக்ஸ்’ தேவையே இல்லை, எல்லாரும் படிக்க மட்டும் விடும் 644 போதுமானது. சிஜிஐ அப்படியில்லை, கோப்பையே ஒரு நிரலாக இயக்குவதால் ‘எக்ஸ்’ கட்டாயம் வேண்டும்.

---

செந்தொப்பி_பழகியவன் எழுதியது:

இதே வரிகளோடு இரண்டு நாட்களைத் தொலைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். என்னுடையது ராக்கி லினக்ஸ். ஸ்கிரிப்டை நிர்வாகியான ரூட் பயனரின் இல்ல அடைவில் வைத்து எழுதிச் சோதித்துவிட்டு, ‘எம்வி’ கட்டளையால் சிஜிஐ அடைவுக்கு நகர்த்தினேன். அனுமதி 755, உரிமையாளர் சரி, வழியும் சரி, அப்போதும் 13. கடைசியில் எல்எஸ் கட்டளைக்குப் பெரிய ‘இசட்’ சுவிட்சைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பக்கத்தில் இருந்த மற்ற ஸ்கிரிப்டுகளுக்கு எல்லாம் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அமைப்பு இடும், இயக்கத்தக்க வலை ஸ்கிரிப்ட் என்ற முத்திரை இருக்க, என்னுடையதற்கு மட்டும் நிர்வாகியின் இல்லக் கோப்பு என்ற முத்திரை இருந்தது. நகர்த்தும்போது பழைய முத்திரை கூடவே வந்துவிடும். ‘சிபி’யால் நகலெடுத்தால் சேரும் இடத்தின் முத்திரை விழும். ‘ரெஸ்டோர்கான்’ கட்டளையை ஒருமுறை ஓட்டியதும் தீர்ந்தது. எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுங்கள் என்று இணையத்தில் எழுதுகிறார்கள். சோதனைக்காக ஒரு நிமிடம் தளர்த்திப் பார்த்துவிட்டு உடனே திரும்பப் போடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நீங்கள் உபுண்டு என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே அதற்குப் பதிலாக இருப்பது ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு. அப்பாச்சிக்கென்று அதில் ஒரு விதி இயல்பாகச் செயலில் இருப்பதும் இல்லை. ஆனால் இதே குணமுள்ள இன்னொரு காரணத்தைச் சோதியுங்கள். அந்தக் கோப்பு இருக்கும் பகுதி ‘நோஎக்ஸெக்’ என்ற விருப்பத்துடன் ஏற்றப்பட்டிருந்தால், 755 என்ன, 777 கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் நேரடியாக இயக்க விடாது. ‘ஃபைண்ட்மவுண்ட்’ கட்டளைக்குப் பெரிய ‘டி’ சுவிட்சும் பாதையும் கொடுத்தால் விருப்பங்களைக் காட்டும்.

விண்டோஸில் திருத்திய கோப்பாக இருந்தால் வரி முடிவுக் குறியும் சிக்கல் தரும் என்று யாராவது சொல்லக்கூடும். அப்போது லாக்கில் வரும் எண் 13 அன்று, 2. கெர்னல் மொழிபெயர்ப்பியின் பெயரோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தையும் சேர்த்துத் தேடிவிட்டு, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லும். முதல் வரியில் மொழிபெயர்ப்பியையே குறிப்பிடாமல் விட்டிருந்தால் எண் 8. எனவே அந்த இரண்டும் உங்களுக்கு இல்லை.

---

இரவல்_பேரேடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. கேட்டவற்றைச் செய்து பார்த்தேன்.

நேம்ஐ கட்டளை மூல அடைவு, யூஎஸ்ஆர், லிப், சிஜிஐ-பின் ஆகிய நான்குக்கும் உரிமையாளர் ரூட் என்றும், மற்றவர்களுக்குப் படிக்கவும் கடக்கவும் அனுமதி உண்டு என்றும் காட்டுகிறது. ஸ்கிரிப்டுக்கு 755, உரிமையாளராக இப்போது மீண்டும் நான். பகுதியில் நோஎக்ஸெக் இல்லை. கோப்பை நான் விண்டோஸில் தொடவே இல்லை.

இன்னொரு சோதனையும் செய்தேன். வேறொரு பயனராகக் கட்டளையை ஓட்ட உதவும் சூடோ வழியாக அப்பாச்சியின் பயனராக மாறி, ‘பைத்தான்3’ என்ற கட்டளைக்கு ஸ்கிரிப்டின் பாதையைக் கொடுத்து ஓட்டினேன். அனுமதிப் பிழை எதுவும் வரவில்லை. ஆனால் ரிப்போர்ட்லேப் என்ற மாட்யூல் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. அதுதான் பிடிஎஃப் தயாரிப்பது. அது என் பயனரில் ஓடும்போது கிடைக்கிறது, இப்படி ஓட்டும்போது கிடைக்கவில்லை. இது வேறு சிக்கல் என்று நினைத்துத் தனியே வைத்திருக்கிறேன்.

---

வேர்ப்பக்கம் எழுதியது:

அது வேறு சிக்கல் அல்ல. அதுதான் விடை.

நீங்கள் கடைசியாகச் செய்த சோதனையில், சர்வரின் பொதுவான பைத்தான் உங்கள் ஸ்கிரிப்டைத் திறந்து, படித்து, வரிவரியாக ஓடத் தொடங்கி, ரிப்போர்ட்லேப்பைக் கேட்கும் வரி வரை போயிருக்கிறது. ஆகவே ஸ்கிரிப்டைப் படிக்க அப்பாச்சியின் பயனருக்கு எந்தத் தடையும் இல்லை. தடை வருவது, பைத்தானை நீங்கள் கையால் குறிப்பிடாமல் ஸ்கிரிப்டையே நிரலாக இயக்கும்போதுதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று: ‘#!’ என்று தொடங்கும் அந்த முதல் வரி. கையால் ஓட்டும்போது அது வெறும் குறிப்புரை. நிரலாக இயக்கும்போது கெர்னல் அதைப் படித்து, அங்கே எழுதியிருக்கும் மொழிபெயர்ப்பியைத் தேடிப் போகிறது. ரிப்போர்ட்லேப் பொதுவான பைத்தானில் இல்லை, உங்கள் பயனரில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் முதல் வரி சுட்டுவது உங்கள் இல்ல அடைவுக்குள் இருக்கும் ஒரு மெய்நிகர் சூழலின், அதாவது தனக்கென்று மாட்யூல்களைத் தனியே வைத்துக்கொள்ளும் ஓர் அடைவின், பைத்தானை என்று ஊகிக்கிறேன்.

லாக் ஏன் ஸ்கிரிப்டின் பெயரைச் சொல்கிறது என்பதையும் விளக்கிவிடுகிறேன்; உங்கள் நேரத்தை வீணாக்கியது அதுதான். அப்பாச்சி கெர்னலிடம் ‘இந்தக் கோப்பை இயக்கு’ என்று ஒரே ஒரு பெயரைக் கொடுக்கிறது. கெர்னல் அந்தக் கோப்பைத் திறக்கிறது, அனுமதியைப் பார்க்கிறது, முதல் வரியைப் படிக்கிறது, பிறகு மொழிபெயர்ப்பியைத் திறக்கிறது, அதன் அனுமதியையும் வழியையும் பார்க்கிறது. இவற்றில் எந்த இடத்தில் தடுக்கப்பட்டாலும் அது திருப்பித் தருவது 13 என்ற எண்ணை மட்டுமே. யார் தடுத்தது, எந்தக் கோப்பில் தடுத்தது என்ற விவரம் அதில் கிடையாது. அப்பாச்சிக்குத் தெரிந்த பெயர் தான் கொடுத்த பெயர் மட்டும்தான். அதனால் லாக்கில் அதையே எழுதிவிடுகிறது. கடிதம் திரும்பி வந்தது அஞ்சல்காரருக்குத் தெரியும். உறையின் மேல் எழுதிய முகவரியைத் தவிர வேறெதையும் அவரால் சொல்ல முடியாது.

முனையத்தில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் இந்த விஷயத்தில் கொஞ்சம் அக்கறை உள்ளது. கெர்னல் மறுத்ததும், அது தானே கோப்பைத் திறந்து முதல் வரியைப் பார்த்து, குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடும். ஆகவே இப்படிச் செய்யுங்கள்: சூடோவில் அப்பாச்சியின் பயனரைக் குறிப்பிட்டு, நேரடியாக ஸ்கிரிப்டைக் கொடுக்காமல் பாஷைக் கொடுத்து, ‘-சி’ சுவிட்சுக்குப் பின் மேற்கோள் குறிக்குள் ஸ்கிரிப்டின் பாதையை எழுதுங்கள். நான் நினைப்பது சரியானால், ஸ்கிரிப்டின் பெயர், அதையடுத்து மொழிபெயர்ப்பியின் பாதை, அதையடுத்து ‘பேட் இன்டர்பிரிட்டர்’ என்று மூன்றும் ஒரே வரியில் வரும். வந்ததும், ஸ்கிரிப்டுக்குச் செய்த அதே நேம்ஐ சோதனையை இந்த முறை அந்த மொழிபெயர்ப்பியின் பாதைக்குச் செய்யுங்கள். நேம்ஐ குறியிணைப்புகளையும் தொடர்ந்து போகும் என்பது இங்கே பெரிய உதவி. மெய்நிகர் சூழலுக்குள் இருக்கும் பைத்தான் பெரும்பாலும் வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பாகவே இருக்கும்.

---

இரவல்_பேரேடு எழுதியது:

நீங்கள் சொன்ன வரி எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்தது. முதல் வரி சுட்டுவது /ஹோம்/நூலகம்/சூழல்/பின்/பைத்தான்3. நேம்ஐ காட்டியதை அப்படியே படிகளாக எழுதுகிறேன்: மூல அடைவு சரி, ஹோம் சரி, நூலகம் என்ற அடைவுக்கு உரிமையாளருக்கு எல்லாம் உண்டு, குழுவுக்குப் படிக்கவும் கடக்கவும் உண்டு, மற்றவர்களுக்கு மூன்று கோடுகள். அதாவது 750. அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் 755 அல்லது 775.

ஆனால் பழைய சர்வரிலும் இதே பாதைதான், இதே பெயர்தான். அந்த அடைவின் அனுமதியை நான் ஒருபோதும் மாற்றியதில்லை. இது எப்படி மாறியது?

---

படிக்கட்டு எழுதியது:

நீங்கள் மாற்றவில்லை, உபுண்டு மாற்றியது. 21.04 பதிப்பிலிருந்து புதிதாக உருவாக்கப்படும் பயனர்களின் இல்ல அடைவு 755க்குப் பதிலாக 750 என்று பிறக்கிறது. ஒரே கணினியில் பலர் இருந்தால் ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்பது நோக்கம், நியாயமானதும்கூட. ஏற்கெனவே இருந்த இல்ல அடைவுகளைப் பதிப்பு உயர்வு தொடாது. நீங்கள் பழைய சர்வரையே படிப்படியாக உயர்த்தியிருந்தால் இந்தச் சிக்கல் தலைகாட்டியே இருக்காது. புதிதாக நிறுவி, புதிதாகப் பயனரை உருவாக்கியதால் மாட்டிக்கொண்டீர்கள்.

வேர்ப்பக்கம் அவர்களுக்கு ஒரு வணக்கம். நான் ஸ்கிரிப்டின் வழியை மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்பிக்கும் ஒரு வழி உண்டு என்பதை மறந்துவிட்டேன்.

இல்ல அடைவுக்கு 751 கொடுத்தால் இப்போதே ஓடிவிடும். மற்றவர்களால் கடக்க முடியும், உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலிட முடியாது.

---

வேர்ப்பக்கம் எழுதியது:

ஓடும். ஆனால் நான் அதைச் செய்யமாட்டேன். 751 என்பது அப்பாச்சிக்கு மட்டுமல்லாமல் சர்வரில் இருக்கும் எல்லாப் பயனருக்கும் வழி திறப்பது. உள்ளே இருக்கும் கோப்பின் பெயரை ஊகிக்க முடிந்தவரால், அந்தக் கோப்பு 644 ஆக இருந்தால், படிக்கவும் முடியும். அந்த ஒரு பயனருக்கு மட்டும் வழி விட ‘செட்எஃப்ஏசிஎல்’ கட்டளையால் தனி அனுமதிப் பட்டியல் எழுதலாம். அது தொழில்நுட்ப அளவில் சரியானது. ஆனால் இரண்டு ஆண்டுக்குப் பின் எல்எஸ் வெளியீட்டின் ஓரத்தில் ஒரு சிறு கூட்டல் குறியைக் கவனிக்காத ஒருவர் மீண்டும் இதே இழையை எழுத நேரும்.

சர்வர் சேவைக்குத் தேவையான ஒன்று ஒரு மனிதரின் இல்ல அடைவில் இருப்பதே சரியில்லை. சூழலை /ஓபிடி அடைவுக்குக் கீழ் புதிதாக உருவாக்குங்கள். ‘எம்வி’ செய்ய வேண்டாம். மெய்நிகர் சூழலுக்குள் இருக்கும், மாட்யூல்களை நிறுவும் பிப் முதலிய சிறு ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் பழைய முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும், நகர்த்தினால் அவை உடையும். பழைய சூழலிலிருந்து நிறுவப்பட்டவற்றின் பட்டியலை எடுத்து, புதியதில் நிறுவிக்கொள்வதே வழி. பைத்தானையே பைஎன்வ் போன்ற கருவியால் இல்ல அடைவில் நிறுவியிருந்தால் கூடுதல் கவனம் தேவை: சூழல் ஓபிடியில் இருந்தாலும் அதன் பைத்தான் திரும்பவும் இல்ல அடைவைச் சுட்டும். நேம்ஐ அதைக் காட்டிவிடும்.

---

இரவல்_பேரேடு எழுதியது:

ஓபிடியில் புதிய சூழலை உருவாக்கி, முதல் வரியை மாற்றினேன். பக்கம் வந்துவிட்டது. உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால் நூல்களைக் காட்டுகிறது. மிக்க நன்றி.

ஆனால் திரும்பி வந்த நூலைக் குறிக்கும் பொத்தானை அழுத்தினால் மட்டும், படிக்க மட்டுமேயான தரவுத்தளத்தில் எழுத முயன்றதாக ஒரு பிழை வருகிறது. தரவு எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தில், /வார்/லிப்/இரவல் என்ற அடைவில் இருக்கிறது. கோப்பு 644, உரிமையாளர் நான். அதன் குழுவை அப்பாச்சியின் குழுவாக்கி, குழுவும் எழுதும்படி 664 கொடுத்தேன். அப்போதும் ஓர் எழுத்தும் மாறாமல் அதே வாக்கியம்தான் வருகிறது.

---

படிக்கட்டு எழுதியது:

வாக்கியம் அதேதான், ஆனால் தடுப்பது இப்போது வேறு. முன்பு கோப்பு தடுத்தது. இப்போது அடைவு தடுக்கிறது. எஸ்க்யூலைட் ஒரு மாற்றத்தை எழுதும் முன், இடையில் மின்சாரம் போனாலும் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக, அதே அடைவில் ஜர்னல் என்ற துணைக் கோப்பு ஒன்றை உருவாக்கும். அடைவில் எழுதும் அனுமதி இல்லையென்றால் அதை உருவாக்க முடியாது. உருவாக்க முடியாவிட்டால் தரவுத்தளத்தையே படிக்க மட்டுமேயானதாகக் கருதிவிடும். மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் டபிள்யூஏஎல் முறையில் வைத்திருந்தால் இரண்டு துணைக் கோப்புகள், தேவை அதேதான்.

அடைவின் குழுவையும் அப்பாச்சியின் குழுவாக்கி 2770 கொடுங்கள். முன்னால் இருக்கும் 2, அதனுள் புதிதாகப் பிறக்கும் கோப்புகளுக்கும் அதே குழு வரும்படி செய்யும். தரவுக் கோப்புக்கு 660 போதும்; துணைக் கோப்புகளின் அனுமதியை எஸ்க்யூலைட் மூலக் கோப்பைப் பார்த்தே அமைத்துக்கொள்ளும். இரவில் நகலெடுக்கும் வேலை உங்கள் பயனரில் ஓடுகிறது என்றால் உங்களையும் அந்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்; சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி உள்நுழையுங்கள், ஏனெனில் குழுப் பட்டியல் உள்நுழையும்போதுதான் கணக்கில் எடுக்கப்படுகிறது.

இதற்கு நேர்மாறாக, ஸ்கிரிப்ட் இருக்கும் அடைவிலும் ஓபிடியில் உள்ள சூழலிலும் அப்பாச்சியின் பயனருக்கு எழுதும் அனுமதி எங்கும் இருக்கக் கூடாது. எழுதப்படும் இடமும் இயக்கப்படும் இடமும் ஒன்றாகிவிட்டால், உங்கள் படிவத்தில் ஒரு சிறு ஓட்டையைக் கண்டுபிடிப்பவர் தம் சொந்த நிரலை அங்கே எழுதி ஓட்டிக்கொள்வார். கோப்பின் உரிமையாளராக அப்பாச்சியையே ஆக்கிப் பார்த்தேன் என்று முதலில் எழுதியிருந்தீர்கள். பலரும் செய்வதுதான், ஆனால் அனுமதிப் பிழைக்கு அது பெரும்பாலும் தவறான மருந்து.

---

செந்தொப்பி_பழகியவன் எழுதியது:

அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் வலைச் சர்வரும், பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் வைத்திருப்பவர்கள் இந்த இழையைத் தேடி வந்தால் அவர்களுக்கு ஒரு வரி: உங்களுக்கு இதே 13 வருவது 502 பிழையோடு என்றால், ஸ்கிரிப்டைப் பார்க்காதீர்கள். இரண்டும் பேசிக்கொள்ள நடுவே இருக்கும் யூனிக்ஸ் சாக்கெட் கோப்பின் உரிமையாளரையும் குழுவையும் பாருங்கள். பிஎச்பி-எஃப்பிஎம்மின் பூல் அமைப்புக் கோப்பில் அவற்றைக் குறிப்பிடும் வரிகள் உண்டு.

---

இரவல்_பேரேடு எழுதியது:

2770 கொடுத்ததும் பொத்தான் வேலை செய்கிறது. ஸ்கிரிப்டின் உரிமையாளர் ரூட், அனுமதி 755 என்று ஆக்கிவிட்டேன். குழுவில் சேர்ந்தபின் வெளியேறி உள்நுழைய மறந்து, நகலெடுக்கும் கட்டளையைக் கையால் சோதித்தபோது கால் மணி நேரம் மீண்டும் விழித்தேன். பிறகு படிக்கட்டு அதைச் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது.

இன்று காலை முதல் ரசீது அச்சானது. லாக்கில் இப்போது ஒவ்வொரு கோரிக்கைக்கும் பைத்தானின் சிஜிஐ மாட்யூல் கைவிடப்படவுள்ளது என்ற எச்சரிக்கை மட்டும் விழுகிறது. 24.04இல் இருக்கும் பைத்தான் 3.12 வரை அது உண்டு, 3.13இல் நீக்கப்பட்டுவிட்டது என்று படித்தேன். அடுத்த சர்வர் மாற்றத்துக்குள் ஸ்கிரிப்டை எப்படி மாற்றி எழுதுவது என்பதைத் தனி இழையில் கேட்கிறேன்.